யார் கணக்கில் எழுதுவது?

வாய்ச்சொல்லில் பொய் கலக்கலாம். கணக்கில் கலக்க முடியாது என்று நாம் நம்புகிறோம். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. ஏழை கூட்டினாலும் பன்னிரண்டுதான். பணக்காரன் கூட்டினாலும் பன்னிரண்டுதான். இந்த நம்பிக்கையில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் எண் சொல்வது ஒன்று. எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நாம் சொல்வது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. மனிதனுக்கு மனிதன் செய்யும் அநியாயங்களில் பல அந்த இடைவெளியில்தான் குடியிருக்கின்றன.

இதைப் பெரிய வார்த்தைகளில் சொல்லிக்கொண்டு போனால் உங்களுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. ஆகவே ஒரு சாதாரணப் பொருளை எடுத்துக்கொள்கிறேன். விடிவதற்கு முன்பே கடைத்தெருவுக்கு வந்து நின்று, தக்காளிக் கூடைகளையும் அரிசி மூட்டைகளையும் இறக்கிவிட்டுப் போகிறதே, அந்தப் பிக்கப் வண்டி. வாங்கிய புதிதில் அது ஒரு லிட்டர் டீசலுக்கு 14 கிலோமீட்டர் ஓடியது. ஏழு ஆண்டுகள் கழித்து 11 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. நடுவில் அந்த 3 கிலோமீட்டர் எங்கே போயிற்று?

இது மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வியாயிற்றே, கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. “வண்டிக்கு வயதாகிவிட்டது” என்பது ஒன்று. “டிரைவர் டீசலை எடுத்து விற்கிறான்” என்பது மற்றொன்று. முதல் விடை இரும்பின் மேல் பழி போடுகிறது. இரும்புக்கு அழத் தெரியாது. இரண்டாவது விடை ஒரு மனிதனின் மேல் பழி போடுகிறது. அவனுக்கு ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் அவனைப் பெருமையாக நினைக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். அதனால்தான் இது மெக்கானிக்கின் கேள்வி மட்டும் அல்ல என்கிறேன்.

முதலில் வயதை விசாரிப்போம்.

புது வண்டி முதல் நாளிலேயே தன் முழு மைலேஜையும் கொடுத்துவிடுவதில்லை. பிஸ்டன் வளையங்களும் சிலிண்டரின் உட்சுவரும் ஒன்றோடொன்று உரசி, பழகி, பொருந்த வேண்டும். ஏறக்குறைய 5,000 முதல் 8,000 கிலோமீட்டர் ஓடிய பிறகே புது எஞ்சின் தன் நல்ல நிலையை அடைகிறது என்று அமெரிக்க அரசு வாகன ஓட்டிகளுக்குத் தரும் குறிப்பு ஒன்று சொல்கிறது. ஆகவே, வயது வண்டிக்கு முதலில் செய்வது நன்மைதான். அந்த நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் இதை விரிவாகச் சோதித்துப் பார்த்தது. முதல் சில ஆண்டுகளில் மைலேஜ் ஏறியது. பிறகு ஒரு நிலையில் நின்றது. ஒழுங்காகப் பராமரித்தால் 10 ஆண்டு, 15 ஆண்டு ஆன வண்டியிலும் மைலேஜ் பெரிதாகக் குறைவதில்லை என்பதே பிற்காலச் சோதனைகளிலிருந்தும் அவர்கள் கண்டது.

“ஒழுங்காகப் பராமரித்தால்” என்ற இரண்டு சொற்களைக் கவனியுங்கள். நியாயத்தின் முழுப் பாரமும் அந்த இரண்டு சொற்களின் மேல்தான் இருக்கிறது. வயதாவது வேறு, கவனிப்பாரற்றுப் போவது வேறு. இரண்டும் ஒரே காலண்டரில் நடப்பதால், பின்னதன் செலவை முன்னதன் பெயரில் எழுதிவிடுகிறோம். வண்டிக்கு மட்டுமா இப்படிச் செய்கிறோம்? மூக்குக் கண்ணாடியை மாற்றிக் கொடுக்க மறந்துவிட்டு, “அப்பாவுக்கு வயதாகிவிட்டது, இப்போதெல்லாம் பேப்பர் படிப்பதில்லை” என்று விருந்தாளியிடம் சொல்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கவனிப்பு இல்லாத வண்டிக்குள் என்ன நடக்கிறது? டீசல் எஞ்சினில் எரிபொருளைப் பனிபோலத் தூவுவதற்கு இன்ஜெக்டர் இருக்கிறது. அதன் நுனி தேய்ந்தாலோ, கரி படிந்தாலோ, பனியாகப் பரவ வேண்டியது சொட்டாக விழுகிறது. சொட்டு முழுவதும் எரிவதில்லை. கரும்புகையாகப் பின்னால் போகிறது. ஏர் ஃபில்டரில் புழுதி அடைத்தால் எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. பிரேக் ஷூ டிரம்மை விட்டு முழுவதும் விலகாமல் உரசிக்கொண்டே இருந்தால், வண்டி ஒரு காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே ஓடுகிறது. கிளட்ச் வழுக்கினால் எஞ்சின் சுற்றுகிற அளவுக்குச் சக்கரம் சுற்றுவதில்லை. தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டால் எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டை அடையாமல் அதிகம் குடிக்கிறது. டயரில் காற்றைச் சரியாக வைத்துக்கொண்டாலே சராசரியாக 0.6 சதவீதம், சில வண்டிகளில் 3 சதவீதம் வரை மிச்சம் என்று மேலே சொன்ன அமெரிக்கக் குறிப்புகள் கூறுகின்றன. பெட்ரோல் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் என்ற ஒரு விரற்கடைப் பொருள் கெட்டுப் போனால், அதை மாற்றுவதால் மட்டும் 40 சதவீதம் வரை மைலேஜ் திரும்பலாமாம். நாற்பது சதவீதம்! அவ்வளவு எரிபொருளை ஒரு மனிதன் திருடியிருந்தால் ஊரே கூடியிருக்கும்.

இவற்றில் எதுவும் திருட்டு அல்ல. ஆனால் கணக்கு நோட்டில் எல்லாம் திருட்டைப் போலவே தெரியும். ஏனென்றால் நோட்டில் இருப்பது ஒரே ஓர் எண்.

அந்த எண்ணையும் சற்று விசாரிக்கலாம். மைலேஜ் என்பது நேரில் அளந்து எடுக்கும் பொருள் அல்ல. தூரத்தை லிட்டரால் வகுத்து வரும் ஈவு அது. மேலே இருக்கும் தூரமும் சாட்சி சொல்ல வேண்டும். கீழே இருக்கும் லிட்டரும் சாட்சி சொல்ல வேண்டும். இரண்டு சாட்சிகளும் அப்பழுக்கற்றவர்களா?

தூரத்தைச் சொல்லும் கருவி சாலையை அளப்பதில்லை. சக்கரத்தின் சுழற்சியை எண்ணி, ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று பெருக்கிச் சொல்கிறது. டயர் தேய்ந்தால் சக்கரம் சிறுத்துவிடுகிறது. அதே தூரத்துக்கு அதிகம் சுற்றுகிறது. சக்கரத்தின் ஆரம் 350 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 7 மில்லிமீட்டர் தேய்ந்தால் 2 சதவீதம். வண்டி உண்மையில் 100 கிலோமீட்டர் ஓடியிருக்கும். கருவி 102 என்று காட்டும். ஆகவே டயர் வழவழப்பாகத் தேயத் தேய, காகிதத்தில் மைலேஜ் ஏறுகிறது. தேய்ந்த டயர் சற்று இலகுவாகவும் உருளும் என்பதால் உண்மையிலும் கொஞ்சம் ஏறுகிறது. மழை நாளில் ஆளைக் கொல்லக்கூடிய நிலைக்கு வண்டி வந்திருக்கும். நோட்டில் மட்டும் அது முன்னைவிட நன்றாக இருக்கும்.

பிறகு முதலாளி பணம் போட்டுப் புது டயர் மாட்டுகிறார். மாட்டிய வாரமே மைலேஜ் விழுகிறது. செலவு செய்த வாரத்திலேயே வரவு குறைந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஆனால் அந்த வாரம் புதிதாக எதுவும் களவு போகவில்லை. இத்தனை நாள் அளவுகோல் அவருக்கு இனிப்பாகச் சொல்லி வந்தது; இப்போது உள்ளதைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

லிட்டரின் கதையும் இதுதான். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் டீசல் ஏறக்குறைய 0.8 சதவீதம் பெருத்துவிடுகிறது. அளவு கூடுகிறது, சத்து கூடுவதில்லை. பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு இன்னொரு மாற்றம் வந்தது. 2025இல் இந்தியாவில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாயிற்று. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எரிபொருள் எடுப்பது நாட்டுக்கு நல்லதா என்பது வேறு விவாதம். வண்டி அதே வண்டி, ஓட்டுகிறவர் அதே ஓட்டுநர். “லிட்டர்” என்ற சொல்லின் பொருள் மட்டும் சத்தமில்லாமல் மாறிவிட்டது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பாதையும் மாறுகிறது. நெடுஞ்சாலையில் நிதானமாகப் போய் வந்த வண்டி, சந்து சந்தாக நுழைந்து சரக்குப் போடத் தொடங்கினால் கணக்கே வேறு. எஞ்சினை அணைக்காமல் நிறுத்தி வைத்தால் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் போகும். கிலோமீட்டர் முள் அசையாது. டிரைவரின் பங்கும் இதில் இருக்கிறது. இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆத்திரமாக ஆக்சிலரேட்டரை மிதிப்பதும் ஆத்திரமாகப் பிரேக் போடுவதும் நின்று நின்று போகும் ஊர்ப் போக்குவரத்தில் 10 முதல் 40 சதவீதம் வரை மைலேஜைத் தின்றுவிடும் என்கிறார்கள். ஆனால் அதற்குப் பெயர் அவசரம். அவசரக்காரனுக்குப் புத்தி சொல்லலாம். அவனைத் திருடன் என்று சொல்ல முடியாது.

எனக்குத் தெரிந்த மளிகை வியாபாரி ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவர்கள் செய்யும் அநியாயத்தைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அவரிடம் ஒரு பிக்கப் வண்டி. பதினோரு ஆண்டுகளாக ஒரே டிரைவர். ஒரு மாதக் கடைசியில் நோட்டைப் பார்த்தார். அந்த மாதம் வண்டி 3,080 கிலோமீட்டர் ஓடியிருந்தது. 14 கிலோமீட்டர் வீதம் 220 லிட்டர் போதும். 280 லிட்டர் போட்டிருக்கிறது. அறுபது லிட்டர்! அந்த நாள் விலைக்கு ஐயாயிரம் ரூபாய்க்கு மேல்.

கடைப் பையன்கள் நான்கைந்து பேர் நின்றுகொண்டிருந்த நேரத்தில் டிரைவரைக் கூப்பிட்டு, “ஏம்ப்பா, மாசம் அறுபது லிட்டரை வண்டிதான் குடிக்குதா, இல்லை வேற யாரும் குடிக்கிறாங்களா?” என்று கேட்டுவிட்டார். அவர் அதைப் பாதி வேடிக்கையாகத்தான் கேட்டாராம். பையன்கள் சிரித்தார்கள். டிரைவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் சாவியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். “அண்ணாச்சி, வண்டியை ஒரு தடவை ஒர்க்‌ஷாப்பிலே விட்டுப் பாருங்க. அதுக்கப்புறம் நான் வரணுமா வேண்டாமான்னு சொல்லி அனுப்புங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒர்க்‌ஷாப்பில் பார்த்தார்கள். பின் சக்கரம் ஒன்றில் பிரேக் பிடித்தபடியே இருந்தது. ஏர் ஃபில்டரைத் தட்டினால் ஒரு கைப்பிடி மண் விழுந்தது. இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதித்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒவ்வொரு முறையும் மெக்கானிக் சொன்னபோது, “தீபாவளி முடியட்டும்”, “பொங்கல் முடியட்டும்” என்று தள்ளிப் போட்டவர் வியாபாரியேதான். எல்லாம் சரி செய்த பிறகு வண்டி 13 கொடுத்தது. மிச்சம் ஒன்று? இரண்டு ஆண்டுகளாகச் சுற்றுவட்டாரத்துச் சின்னக் கடைகளுக்கும் சரக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார். நாளுக்கு இருபது இடத்தில் வண்டி நிற்கிறது. வியாபாரம் வளர்ந்த செலவு அது.

டிரைவர் திரும்பி வந்தார். ஆனால் ஒவ்வொரு முறை டீசல் போட்டதும் பங்க் ரசீதை மேஜைமேல் வைத்துவிட்டு, முதலாளி அதைப் பார்க்கும் வரையில் நிற்கிறாராம். “வேண்டாம்ப்பா, உன்னை நான் நம்புறேன்” என்று இவர் சொன்னால், “இருக்கட்டும் அண்ணாச்சி, பார்த்து வச்சுக்கோங்க” என்கிறாராம். முன்பெல்லாம் சரக்கு இறக்கிய பிறகு மூட்டைமேல் உட்கார்ந்து, டீ குடித்து, மகள் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார். இப்போது டீயை நின்றபடியே குடிக்கிறார். “வண்டி சரியாயிட்டுது, அவன்தான் பழையபடி ஆகலை” என்று வியாபாரி என்னிடம் வருத்தப்பட்டார்.

அறுபது லிட்டரின் கணக்கு தீர்ந்துவிட்டது. இந்தக் கணக்கு தீரவில்லை. இதை எந்த ஒர்க்‌ஷாப்பில் விடுவது?

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் கண்ணகி தன் சிலம்பை உடைக்கிறாள். உள்ளே மாணிக்கம். அரசியின் சிலம்பிலோ முத்து. உண்மை ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. ஆனால் அந்தச் சோதனையைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கோவலனை நிறுத்தி வைத்து, “உன் சிலம்பின் பரல் என்ன?” என்று கேட்டிருந்தால் போதும். பாண்டியன் கொடுங்கோலன் அல்லன். தன் பிழை தெரிந்த மாத்திரத்தில் உயிரை விட்டவன். அவனிடம் நீதி இருந்தது. முதலில் வர வேண்டியது பின்னால் வந்தது. இத்தனை நூற்றாண்டுகளாக அந்தக் கதையைக் கேட்டு அழுகிறோம். மாதக் கடைசியில் நோட்டைத் திறக்கும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

“அப்படியானால் திருட்டே நடப்பதில்லையா? முதலாளி கண்ணை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?” என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. திருட்டு நடக்கிறது. கண்ணை மூடிக்கொள்வது தர்மமும் அல்ல. பல சமயம் அது சோம்பல். ஆராயாமல் ஒருவனை நம்புவதையும், ஆராய்ந்து நம்பியவனைப் பிறகு சந்தேகிப்பதையும் வள்ளுவர் “தெரிந்து தெளிதல்” அதிகாரத்தில் ஒரே தராசில் வைத்து, இரண்டும் தீராத துன்பம் என்கிறார். ஆகவே விசாரிக்காதே என்று நான் சொல்லவில்லை. விசாரணைக்கு ஒரு வரிசை வேண்டும் என்கிறேன். முதலில் பொருளைக் கேள். பிறகு உன்னையே கேள். அதற்கும் பிறகு மனிதனைக் கேள்.

பொருளைக் கேட்பது கடினமான காரியம் அல்ல. டாங்கை முழுவதும் நிரப்பி ஓட்டி, மறுபடி அதே பங்கில் முழுவதும் நிரப்பி, இரண்டுக்கும் நடுவே ஓடிய தூரத்தைக் குறிக்க வேண்டும். ஒரு தடவை போதாது. ஐந்தாறு தடவை பார்க்க வேண்டும். ஏற்றிய பாரம் என்ன, போன வழி எது என்று பக்கத்தில் எழுத வேண்டும். தூரக் கருவியை நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கற்களோடு ஒப்பிட வேண்டும். ஓடி நின்றதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோனால், ஒன்று மட்டும் அனலாக இருப்பது தெரிந்துவிடும். இதையெல்லாம் டிரைவருக்குத் தெரியாமல் செய்யாமல் டிரைவரைக் கொண்டே செய்ய வேண்டும். வண்டியின் உடம்பு அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. அவரை விசாரணைக்குத் துணையாக வைத்துக்கொண்டால் உண்மை சீக்கிரம் கிடைக்கும். எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஒரு மீதி நின்றால், அப்போது தனியாக, மரியாதையாக, மனிதனைக் கேட்கலாம். உண்மையாகவே திருடியவனுக்கும் அப்போதுதான் மறைந்துகொள்ள இடம் இருக்காது. அவசரமான சந்தேகம் நல்லவனைப் புண்படுத்துவதோடு நிற்பதில்லை. திருடனுக்கும் “இவர் எல்லாரையும்தான் சொல்வார்” என்று ஒரு குடை பிடித்துக் கொடுக்கிறது.

இவ்வளவு எளிதான வரிசையை ஏன் தலைகீழாக்குகிறோம்? இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்க்கப் பணம் வேண்டும். வண்டியை ஒரு நாள் நிறுத்த வேண்டும். மனிதனைச் சந்தேகிக்கக் காலணா செலவில்லை. இது ஒரு காரணம். இதைவிட ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. சந்தேகம் தண்ணீரைப் போல எப்போதும் பள்ளத்தை நோக்கித்தான் ஓடுகிறது. முதலாளி டிரைவரைச் சந்தேகிக்கிறார். வீட்டுக்காரி வேலைக்காரியைச் சந்தேகிக்கிறாள். அதிகாரி பியூனைச் சந்தேகிக்கிறார். “நீங்கள் தள்ளிப் போட்ட ரிப்பேருக்கு நான் பதில் சொல்கிறேனே” என்று டிரைவர் முதலாளியைக் கேட்க முடிகிறதா? நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் கேட்கும் உரிமை. அதனால் நோட்டு வைத்திருப்பவருக்குக் கடமையும் கூடுதல். தன் பெயரில் எழுத வேண்டிய செலவு ஒன்று அதில் இருக்கிறதா என்று அவர்தான் முதலில் பார்க்க வேண்டும். அவருக்காக வேறு யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை.

பதினொன்று என்று எண் சொன்னது. அது உண்மையைத்தான் சொன்னது. ஏன் பதினொன்று என்று மட்டும் அது சொல்லவில்லை. சொல்ல அதற்குத் தெரியாது. அந்த இடம் காலியாக இருக்கிறது. அதை நிரப்பும் பேனா நம் கையில் இருக்கிறது. தேய்மானம் என்று எழுதலாம், பாதை என்று எழுதலாம், என் அலட்சியம் என்றும் எழுதலாம். எழுதிய பிறகு தவறென்று தெரிந்தால் இவற்றை எல்லாம் அடித்துவிட்டு வேறு எழுதிக்கொள்ளலாம். ஒரு மனிதனின் பெயரை எழுதினால் மட்டும் அடித்த பிறகும் அது படிக்கத் தெரியும். ஆகவே, அந்தப் பெயரைக் கடைசியாக எழுதுவோம்.